பத்துக் கணக்கு: உதடு பிளந்த குழந்தையை ஆபரேஷனுக்குத் தயார் செய்வது எப்படி?

சோழவரம் வட்டாரத் தாய்மார்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு பாடம்



செங்கல் சூளையில் வேலை செய்பவர், செங்குன்றம் அரிசி மில்லில் மூட்டை தூக்குபவர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவர், வயலில் நாற்று நடுபவர் என்று யார் வீட்டிலும் உதடு பிளந்த குழந்தை பிறக்கலாம். மாடி வீட்டிலும் பிறக்கிறது. ஏறத்தாழ 700 முதல் 1000 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. இது சாபம் அல்ல. ஆபரேஷன் செய்து சரிப்படுத்தக்கூடிய ஒரு குறை.

ஆனால் பிறந்த உடனே இந்த ஆபரேஷனைச் செய்வது வழக்கமில்லை. பொதுவாக மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும். "டாக்டர்தானே செய்யப் போறாரு, நம்ம கையில இன்னா இருக்குது?" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த மூன்று மாத வேலை முழுவதும் நம் கையில்தான் இருக்கிறது. குழந்தைக்கு எடை ஏறாவிட்டால் எவ்வளவு பெரிய டாக்டரானாலும் கத்தியை எடுக்கமாட்டார். ஆகவே இந்தப் பாடத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

1. யார்மேல் குற்றம்?

சோழவரம் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருகிறார்.

பாட்டி: வா நர்சம்மா. இந்தக் கொடுமைய வந்து பாரு. கிரகணத்தன்னிக்கு வெளிய போவாத, கத்தியத் தொடாதன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். இவ கேட்டாளா? குந்திக்கினு காய் அரிஞ்சா. இப்போ புள்ள உதடு பொளந்துகினு பொறந்திருக்குது.

நர்சம்மா: பாட்டியம்மா, அந்தக் கிரகணம் இவங்களுக்கு எத்தனாவது மாசத்துல வந்துச்சு?

பாட்டி: அஞ்சாவது மாசம்.

நர்சம்மா: கேளுங்க. வயித்துக்குள்ள குழந்தைக்கு உதடு உருவாகிறது நாலாவது வாரத்திலேர்ந்து ஏழாவது வாரத்துக்குள்ள. இடமும் வலமும் ரெண்டு பக்கமா வளர்ந்து வந்து நடுவுல ஒட்டணும். அப்ப ஒட்டாம போறதுதான் இந்தப் பிளவு. பல பேருக்கு அந்த நேரத்துல முழுகாம இருக்கிறதே தெரியாது. அஞ்சாவது மாசத்துல காய் அரிஞ்சா, ஏற்கெனவே ஒட்டின உதடு எப்படிப் பிளக்கும்? கிரகணம் ஊருக்கே பொதுவாத்தான் வந்துச்சு. அன்னிக்குச் சோறாக்கின எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படியா ஆச்சு?

பாட்டி: அது மெய்தான். அப்போ இவ மேல தப்பு இல்லியா?

நர்சம்மா: இல்லவே இல்ல. உங்க பிள்ளை மேலயும் இல்ல.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. பரம்பரைக் கூறும், கருவுற்ற தொடக்க வாரங்களின் சூழ்நிலையும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், புகையிலை, மது, வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகள் ஆகியவை வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டலாம். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அடுத்த குழந்தைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி, தேவையானால் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். போலிக் அமில மாத்திரையையும் கருத்தரிக்கும் முன்பிருந்தே டாக்டர் யோசனைப்படி சாப்பிடுவது நல்லது.

பெற்றவளைப் பழி சொன்னால் அவள் அழுவாள், சரியாகச் சாப்பிடமாட்டாள். குழந்தையை முந்தானையில் மூடி வைப்பாள், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகக் கூசுவாள். கடைசியில் நட்டம் குழந்தைக்குத்தான்.

2. முதலில் வாயைத் திறந்து பாருங்கள்

பிளவு உதட்டோடு நிற்கலாம். அல்லது ஈறு வழியாக உள்ளே போய் மேல் அண்ணத்தையும் பிளந்திருக்கலாம். சில குழந்தைகளுக்கு உதடு நன்றாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருக்கும். ஆகவே பிறந்த அன்றே டார்ச் வெளிச்சத்தில் நர்சோ டாக்டரோ வாயின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். இருதயக் கோளாறு போன்ற வேறு குறைகள் இருக்கின்றனவா என்றும் டாக்டர் சோதிப்பார். மயக்க மருந்து கொடுக்குமுன் இது தெரிந்திருக்க வேண்டும்.

உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் தாய்ப்பாலை நேராகவே குடித்துவிடும். மார்பே அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அடையாவிட்டால் தாய் தன் கட்டைவிரலைப் பிளவின்மேல் வைத்து மூடிக்கொள்ளலாம்.

அண்ணமும் பிளந்திருந்தால் நிலைமை வேறு. ஓட்டை விழுந்த உறிஞ்சு குழலில் இளநீர் குடிப்பதைப் போன்றது இது. இழுக்க இழுக்கக் காற்றுதான் வரும். குழந்தை வாயை அசைப்பதைப் பார்த்துப் "பால் குடிக்குது" என்று நாம் ஏமாந்துவிடுவோம். அது களைத்துத் தூங்கும். பசி ஆறியிருக்காது. இப்படி வெளியே தெரியாமல் பட்டினி கிடந்து மெலிந்துபோகும் குழந்தைகள் உண்டு. உதட்டுப் பிளவால் உயிருக்கு ஆபத்து இல்லை. பாலில்லாமல் போவதுதான் ஆபத்து.

3. நம்ம பாலாடையே போதும்

மருமகள்: அக்கா, குடிக்கிற பால் பாதி மூக்கு வழியா வந்துடுது. பயமா இருக்குது. இருமி இருமி முகம் செவந்து போவுது.

நர்சம்மா: பயப்படாதீங்க தங்கச்சி. அண்ணத்துல வழி இருக்கிறதால மூக்குல கொஞ்சம் வரத்தான் செய்யும். நீங்க படுக்கவச்சு ஊத்தறீங்க. அதுதான் தப்பு. வீட்ல பாலாடை இருக்குதா?

பாட்டி: எங்க அம்மா காலத்து வெள்ளிப் பாலாடை பரண்மேல கெடக்குது.

நர்சம்மா: அத இறக்குங்க. இந்தக் குழந்தைக்கு அதுதான் மருந்து.

செய்யும் முறை இதுதான்:

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாலாடையையும் பால் பிடிக்கும் எவர்சில்வர் கிண்ணத்தையும் சோப்பால் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் மூழ்க வைத்து 10 நிமிடம் கொதிக்க விடுங்கள்.

தாய்ப்பாலைக் கையால் பீய்ச்சிக் கிண்ணத்தில் பிடியுங்கள். இரவிலும் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால்தான் பால் வற்றாமல் சுரக்கும். நம் ஊர் வெயிலில் பீய்ச்சிய பாலை 4 மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள்.

குழந்தையை மடியில் பாதி உட்கார்ந்த நிலையில் வைத்து, தலையையும் கழுத்தையும் கையால் தாங்குங்கள். தலை மார்பைவிட உயரமாக இருக்கட்டும்.

பாலாடையை விளிம்புக்குக் கொஞ்சம் கீழேவரை நிரப்புங்கள். அதன் மூக்கைப் பிளவு இல்லாத பக்கத்துக் கீழுதட்டில் வைத்து, சிறிது சிறிதாகச் சாயுங்கள். ஒரு மடக்கு விழுங்கிய பிறகே அடுத்த மடக்கு. தொண்டைக்குள் மடமடவென்று ஊற்றக் கூடாது.

இந்தக் குழந்தைகள் பாலோடு காற்றையும் நிறைய விழுங்கும். ஆகவே நடுவில் இரண்டு மூன்று தடவை தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள்.

ஒரு வேளைப் பால் 20 முதல் 30 நிமிடத்துக்குள் முடியட்டும். அதற்குமேல் இழுத்தால் குடித்த பாலின் சத்தைக் குடிக்கிற பாடே தின்றுவிடும். பால் கொடுத்தபின் அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்திருங்கள்.

எவ்வளவு கொடுப்பது? முதல் வாரம் கழிந்தபின், குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 150 மில்லி தேவை. 3 கிலோ குழந்தைக்கு 450 மில்லி. அதை 8 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55 மில்லி சொச்சம். உங்கள் பாலாடை எத்தனை மில்லி பிடிக்கும் என்று மருந்து மூடியால் அளந்து தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் கணக்கு சுலபம். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அறியலாம்.

பால் குடித்து முடித்தபின் குழந்தையை மார்பிலும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த அணைப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் வேண்டும்.

இவற்றைச் செய்யாதீர்கள்: சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து, தண்ணீர் கலந்த மாட்டுப்பால் கொடுப்பது; பாலில் நனைத்த துணியைச் சூப்பவிடுவது; மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது; குளிப்பாட்டும்போது மூக்கை ஊதுவது. பால் புரையேறினால் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தொக்கம் எடுப்பவர் குழாய் வைத்து ஊதுவதும் உறிஞ்சுவதும் குழந்தைக்குக் கேடு. அண்ணம் பிளந்த குழந்தைக்கு இன்னும் கேடு.

4. பத்துக் கணக்கு

ஆபரேஷனுக்குக் குழந்தை தயாரா என்று பார்க்க டாக்டர்கள் 1960களிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மறக்க முடியாத கணக்கு:

வயது: 10 வாரம்
எடை: 10 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4½ கிலோ
இரத்தத்தில் ஹீமோகுளோபின்: 10 கிராம்

இந்த மூன்றும் கூடிய பிறகே உதட்டு ஆபரேஷன் என்பது பொது வழக்கம். இன்று பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் இதைச் செய்கிறார்கள்.

வயது தானாக ஏறும். எடை தானாக ஏறாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழந்தை பிறந்தபோது 2 கிலோ 700 கிராம். முதல் சில நாளில் கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். அதன்பின் 4½ கிலோவுக்கு இன்னும் 1,800 கிராம் வேண்டும். நல்லபடியாகப் பால் குடித்து நாளைக்கு 25 கிராம் ஏறினால் 72 நாளில் சேர்ந்துவிடும். இரண்டு வாரத்தையும் கூட்டினால் ஏறத்தாழ மூன்று மாதம். ஆபரேஷன் தேதிக்குக் குழந்தை தயார்!

அதே குழந்தை அரை வயிறு குடித்து நாளைக்கு 10 கிராம்தான் ஏறினால்? 180 நாள் ஆகும். ஆறு மாதம் தாண்டிவிடும். தேதி கொடுப்பார்கள், போவீர்கள், "எடை பத்தாதும்மா, அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். பஸ் காசும் கூலியும் போவதோடு, அண்ண ஆபரேஷனும் தள்ளிப்போகும்.

ஆகையால் வாரம் ஒரு தடவை ஒரே தராசில் எடை பாருங்கள். பால்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்க்கலாம். பார்த்த எடையை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் நல்லது. ஒரு வாரம் ஏறாவிட்டால் உடனே நர்சம்மாவிடம் சொல்லுங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இரத்தம் பத்துக்குக் குறைவாக இருந்தால் டாக்டர் குழந்தைக்கு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுப்பார். நீங்களாகக் கடையில் வாங்கி ஊற்றாதீர்கள். தாய் தன் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். கீரை, பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் என்று சொல்லிப் பால் கொடுக்கிறவளைப் பட்டினி போடாதீர்கள்.

5. சளி பிடித்தால் தேதி போச்சு

சளி, இருமல், காய்ச்சல் உள்ள குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. மூச்சுக்குழல் சுருங்கிக்கொள்ளும். அதனால் டாக்டர் ஆபரேஷனை ஒத்திப்போடுவார். சில வாரம் கழித்துத்தான் மறுபடி தேதி கிடைக்கும்.

அண்ணம் பிளந்த குழந்தைக்குச் சளியும் காதுத் தொல்லையும் சுலபமாக வரும். சூளைப் புகை, ரோட்டுத் தூசி, விறகடுப்புப் புகை, கொசுவர்த்திச் சுருள், பீடி ஆகிய எதுவும் குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை போடும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். இருமல் உள்ளவர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், தூர நின்று பார்த்துவிட்டுப் போகட்டும். காதில் சீழ் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காது கேட்கிறதா என்று சோதிப்பதும் அவசியம்.

6, 10, 14 வாரத் தடுப்பூசிகளை "ஆபரேஷன் இருக்குதே" என்று தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்ட தேதியை மட்டும் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம் என்பதால், இரண்டும் அடுத்தடுத்து வராதபடி டாக்டர் தேதி குறிப்பார்.

6. எங்கே போவது?

மூன்று மாதம் கழித்துப் போனால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். முதல் சில வாரத்திலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள். சில குழந்தைகளுக்கு உதட்டில் ஒட்டுப்பட்டை போட்டு அல்லது வாயில் சிறு தகடு வைத்து, ஈறையும் மூக்கையும் நெருக்கமாகக் கொண்டுவருவார்கள். இதைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். வீட்டில் நீங்களாகப் பிளாஸ்திரி ஒட்டக் கூடாது.

நம் பகுதியிலிருந்து போவதற்கு சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி என்னும் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்பும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. உதடு, அண்ணப் பிளவும் அதில் சேர்ந்தவை. அத்திட்டத்தின் டாக்டர் குழு பால்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சீட்டு எழுதி அனுப்புவார்கள். ஸ்மைல் டிரெய்ன் என்னும் உலகத் தொண்டு நிறுவனம் 2000 முதல் இந்திய மருத்துவமனைகள் வழியாக இந்த ஆபரேஷனை இலவசமாகச் செய்ய உதவிவருகிறது. வெளி மாநிலத்திலிருந்து சூளை வேலைக்கு வந்திருப்பவர்களின் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் பக்கத்து வீட்டார்தானே!

பாட்டி: தொடைச் சதைய வெட்டி ஒட்டுவாங்களாமே நர்சம்மா?

நர்சம்மா: உதட்டுக்கு அதெல்லாம் வேண்டியதில்ல பாட்டியம்மா. உதட்டுல இருக்கிற சதையே போதும். ஒரு பக்கத்தக் கொஞ்சம் சுழற்றிக் கீழ இறக்கி, மறுபக்கத்த முன்னால நகர்த்தி, உள்தசையையும் சேர்த்துத் தைப்பாங்க. மில்லார்டுன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1950கள்ல கண்ட முறை. இன்னிக்கும் உலகம் பூரா அத ஒட்டித்தான் செய்யறாங்க.

7. ஆபரேஷனுக்கு முன்பு

ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் பாலாடையிலோ ஸ்பூனிலோதான் பால் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். அதற்கு முன்பே பழக்கியிருந்தால் குழந்தை அழாது. மல்லாந்து படுத்துத் தூங்கவும் பழக்குங்கள்.

முன் பக்கம் திறக்கும் சட்டை இரண்டு மூன்று தைத்துக்கொள்ளுங்கள். தலைவழியாகப் போடும் சட்டை தையலில் உரசும்.

அன்று காலை குளிப்பாட்டி, கண் மை, திருஷ்டிப் பொட்டு, பவுடர் எதுவும் இல்லாமல் அழைத்துப்போங்கள். வளையல், கொலுசு கழற்றிவிடுங்கள். எடை அட்டை, தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, கொதிக்க வைத்த பாலாடை ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பால் நிறுத்தும் நேரம். மயக்க மருந்துக்கு முன்பு தாய்ப்பாலைப் பொதுவாக 4 மணி நேரமும், மாட்டுப்பால், பவுடர் பால் ஆகியவற்றை 6 மணி நேரமும் நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லும் மணியே கணக்கு. அதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொன்ன நேரம்வரை பால் கொடுக்கத் தவறாதீர்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். குழந்தை வீறிட்டு அழும். பாட்டிக்கு மனசு கேட்காது. "ஒரே ஒரு பாலாடைதானே" என்று யாருக்கும் தெரியாமல் புகட்டிவிடுவார். மயக்கத்தில் அந்தப் பால் மேலே எழும்பி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தப்பித் தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, தேதி தள்ளினாலும் பரவாயில்லை.

8. பிறகு என்ன?

குழந்தை தையலைப் பிய்க்காதபடி முழங்கையில் மடக்க முடியாத உறை போடலாம். பால் கொடுத்தபின் தையலைத் துடைக்கும் முறையை நர்சிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். தழும்பு முதல் சில மாதம் சிவந்து தடித்திருக்கும். போகப் போக மங்கும்.

அண்ணம் பிளந்த குழந்தைக்கு இன்னொரு ஆபரேஷன் உண்டு. 9 மாதம் முதல் 18 மாதத்துக்குள், பேச்சு வளரும் முன்பு செய்வது நல்லது. "உதடு அழகா வந்துடுச்சே, போதும்" என்று நின்றுவிட்டால் குழந்தை மூக்கால் பேசும். பேச்சுப் பயிற்சியும் பல் சிகிச்சையும் பின்னால் தேவைப்படலாம்.

உத்தரப் பிரதேசம் மிர்சாப்பூர் மாவட்டத்தில் பிங்கி என்ற சிறுமி உதட்டுப் பிளவால் பள்ளிக்கூடம் போகாமல் ஒதுங்கியிருந்தாள். வாரணாசியில் அவளுக்கு ஆபரேஷன் நடந்த கதை 2008இல் ஆவணப்படமாகி, 2009இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. பிங்கிக்குச் சிறுமியான பிறகு கிடைத்தது, நம் குழந்தைக்கு நாலாம் மாதத்திலேயே கிடைக்க வழி இருக்கிறது.

9. உடனே 108ஐ அழையுங்கள்

மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளிழுத்தால், உதடோ நாக்கோ நீலம் பாரித்தால், பாலே குடிக்காமல் துவண்டு கிடந்தால், சிறுநீர் குறைந்துவிட்டால் காலை வரை காத்திருக்க வேண்டாம். கீழ்த்தாடை மிகச் சிறியதாக உள்ள குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரக்கூடும். பிறந்ததிலிருந்தே டாக்டர் கண்காணிப்பு தேவை.

படித்துவிட்டீர்களா? பதில் சொல்லுங்கள்

1. அஞ்சாம் மாதக் கிரகணத்தால் உதடு பிளக்குமா? ஏன்?
2. அண்ணம் பிளந்த குழந்தை மார்பில் வாயை அசைப்பதைப் பார்த்து ஏன் ஏமாறக் கூடாது?
3. பத்துக் கணக்கின் மூன்று பத்துகள் எவை?
4. உங்கள் பாலாடை எத்தனை மில்லி பிடிக்கும்?
5. பாட்டி மனசு கேட்காமல் பால் புகட்டிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

ஐந்துக்கும் பதில் தெரிந்தால் இந்தத் தாளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். நாலாவது கேள்விக்குத் தெரியாவிட்டால், இப்போதே எழுந்து அளந்து பாருங்கள்.